பரமானந்தத்தின் கடைசி ரெக்கார்டிங்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஹெட்போனை மாட்டியிருந்தவன் நான். என் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

1984 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு வாடகை பங்களா. பரமானந்தம் என்னை ஒலிப்பதிவுக்குக் கூட்டி வந்திருந்தார். கன்னிவாடியில் பிறந்துவிட்டு, அமெரிக்காவில் பிறந்த மாதிரி மூக்கால் பேசும் மனிதர். எழுபதுகளில் இங்குள்ள ஓட்டல்களில் ஜாஸ் பாடினார். பாட்டு சுமார். கழுத்தில் கட்டிய பட்டுக்குட்டை பிரமாதம். பிறகு மெட்ராஸ் போய் ரெக்கார்டு தயாரிப்பாளர் ஆகிவிட்டார்.

அவரைத் தூக்கிவிட்டது அவருடைய முதல் ரெக்கார்டு. அதற்கு உயிர் கொடுத்தது கூடப் பாடிய புஷ்பமேரி. இதே மலையிலுள்ள கவுஞ்சி ஊர்க்காரி. அட்டையில் அவள் பெயரே இல்லை. நியாயம் கேட்க வந்தவளை, "கோயில்ல போயி பாடு" என்று வாசலிலேயே துரத்தினாராம். இதை ஜீப்பில் வரும்போது அவரே சொல்லிச் சிரித்தார். இப்போது அதே இங்கிலீஷ் பாட்டைத் தனியாகப் பாடி வெளியிடப் போகிறார். வெட்கம் என்பது அவர் ஊரில் விளையாத பயிர் போலிருக்கிறது.

மாலை 5.40. வெளியே பனிமூட்டம். ஹாலில் நாங்கள் இருவர் மட்டும். வாத்திய இசையை ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

இரண்டாவது வரியில், ஹெட்போனில் ஒரு பெண் சேர்ந்துகொண்டாள்.

நிறுத்தினேன். டேப்பைப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. திமிர் மட்டும் குறையவில்லை.

"அவ குரல் என் ரெக்கார்டுல இருக்கக் கூடாதுய்யா. அழி!"

அழித்தேன். மறுபடி பாடினார்.

இந்த முறை அவள் குரல் கிட்டத்தில் கேட்டது. அவர் குரல் எங்கோ தூரத்தில்...

மூன்றாவது முறை, ஹெட்போனில் அவள் மட்டும்தான்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

ஹாலிலும் அவர் குரல் இல்லை.

வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.

ஹெட்போனில் பாட்டு நிற்கவில்லை...

அதன்பின் பரமானந்தம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையில் கோளாறே இல்லை என்றார்கள் டாக்டர்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. பயம்தான் போகவில்லை.

அடுத்த வாரம் கவுஞ்சிக்குப் போனேன். புஷ்பமேரியின் தங்கை சூசையம்மாள் கேரட் தோட்டத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா செத்துப்போச்சுங்க. போன வியாழக்கெழம சாயங்காலம்தான் அடக்கம் பண்ணுனோம்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பெட்டிய குழியில எறக்கையில உள்ளருந்து பாட்டுச் சத்தங்க... சாமியாரும் கேட்டாரு. தொறந்து பாத்தோம். அக்கா வாய் மூடித்தான் கெடந்துச்சு."

"அவங்க குரலா?"

"இல்லீங்க. ஆம்பளக் குரல். இங்கிலீசுப் பாட்டு. எல்லாரும் பயந்துபோயி வெரசா மண்ணத் தள்ளிட்டோம்."

ஒரு கேரட்டைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.

"மண்ணு விழ விழ, அது பாட்டு மாதிரி இல்லீங்க... கத்துற மாதிரி இருந்துச்சு."