கழுவி வந்த டப்பா

என் மகளின் சாப்பாட்டு டப்பா ஒரு மாதம் முழுக்கக் கழுவித்தான் வீட்டுக்கு வந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, சாப்பிட்டு முடித்துப் பள்ளிக் குழாயடியில் தானே கழுவிக் கொண்டுவருகிறாள் என்று அந்த டப்பாவைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கதை சொல்லி வளர்த்தா இப்படித்தான் வளரும்" என்று என் நாத்தனார் பதில் போட்டார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கோபம் ஆறிவிடுமோ என்று பயம் வரும் நாட்களில் எடுத்துப் பார்க்கிறேன்.

கதைகள் நாத்தனாரிடமிருந்துதான் வரும். என் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் காலை ஆறு மணிக்கு அதே குழுவில் தாமரைப் பூப் படத்தோடு ஒரு புத்தர் கதை. ஒரு துறவி, ஒரு சீடன், ஒரு கேள்வி, ஒரு பதில். பத்து வரிக்குள் வாழ்க்கை முடிந்துவிடும். நான் எம்.எஸ்சி. படித்தவள். ஆனாலும் பிள்ளை வளர்ப்பு என்று வந்துவிட்டால் எனக்கு எதிலும் சந்தேகம்தான். காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டு, அளவு சரிதானா என்று பாட்டிலை மூன்று முறை திருப்பிப் படிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு யாராவது பத்து வரியில் பதில் சொன்னால் பிடிக்காமல் இருக்குமா? சாயங்காலம் சோறு ஊட்டும்போது அந்தக் கதைகளை மகளுக்குச் சொன்னேன்.

அதில் ஒன்று திருவோட்டுக் கதை. பிச்சைக்குப் போன துறவியின் திருவோட்டில் ஒருவன் மண்ணை அள்ளிப் போடுகிறான். துறவி ஒன்றும் பேசாமல் ஆற்றில் இறங்கி ஓட்டைக் கழுவிக்கொண்டு நடக்கிறார். கூட வந்த சீடன் வழியெல்லாம் புலம்புகிறான். "நான் ஓட்டைக் கழுவிவிட்டேன். நீ ஏன் இன்னும் அந்த மண்ணைச் சுமக்கிறாய்?" என்கிறார் துறவி.

மகள் கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அப்போ அவரு இன்னா சாப்ட்டாரு?"

"கதை அவ்ளோதான். முழுங்கு."

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் மலைக்கோயிலுக்குப் போய் அவளுக்கு முடி இறக்கினோம். போன வருடக் காய்ச்சலுக்கு நான் வேண்டிக்கொண்டது. சந்தனம் பூசிய தலையோடு திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். அந்த வாரத்திலிருந்துதான் டப்பா கழுவி வர ஆரம்பித்தது. அவள் இளைக்க ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோறு கேட்பாள். பூச்சி மருந்து கொடுத்தேன். டாக்டரிடம் காட்டினேன். "எதுக்கெடுத்தாலும் பயந்துகினு இரு," என்றார் கணவர்.

டப்பா சுத்தமாக வருகிறதே என்று நானும் மேலோட்டமாக அலசி வைத்துவிடுவேன். ஒருநாள் மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் எடுத்தேன். அடியில் சுற்றிலும் மணல்.

"இது எப்படிடா வந்துச்சு?"

"அக்கா போட்டுச்சு."

அக்கா என்றால் நாத்தனாரின் மகள். அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்று அவளிடம் கேட்டுக்கொண்டதே நான்தான்.

"மொட்டை கூட உக்காந்தா பேன் வரும்னு அக்கா ஃபிரெண்ட்ஸுங்க சொன்னாங்க. அதான்."

"தினமுமா?"

"இல்ல. சில நாள் போடல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னை ஒன்றும் புரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நான்தான் கழுவிட்டேனேம்மா."

சென்னையில் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கிய கணவரிடம் சொன்னேன். "இப்போ இன்னா பண்ணச் சொல்ற? அக்கா கிட்ட போயி சண்ட போடவா? சின்னப் பசங்க விளையாட்டு. இவ சொல்றது நெஜமான்னு இன்னா தெரியும்?" என்றார். பிறகு தன் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதை வந்தது. எலியைப் புகைபோட்டு விரட்டப்போய்த் தன் கூரையையே எரித்துக்கொண்ட ஒரு குடியானவன்.

அப்போதுதான் குழுவில் மேலே மேலே போய்ப் பழைய கதைகளைப் படித்தேன். திரும்ப வேலைக்குப் போகட்டுமா என்று நான் கணவரிடம் கேட்ட மறுநாள், ஆசையை விட்ட வணிகன். அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்ன மறுநாள், எங்கே ஓடினாலும் நிழலும் கூடவே வருவதைக் கண்ட வழிப்போக்கன். எங்கள் வீட்டு விஷயங்களைப் புத்தர் இவ்வளவு அக்கறையாகக் கவனித்து வந்திருக்கிறார். நான் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போட்டுக் கைகூப்பியிருக்கிறேன். வாயை மூடிக்கொள் என்று எனக்கு அனுப்பியதைத்தான் நான் சோற்றில் பிசைந்து மகளுக்கு ஊட்டியிருக்கிறேன்.

பிறகு நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. "நாளைக்கு யாராவது எதையாவது போட்டா கழுவாத. மூடி அப்படியே கொண்டு வா," என்று சொல்லி அனுப்பினேன். பையின் முன்பக்கத்தில் தனியாக ஒரு பன் வைத்தேன். ஆறு வயதுப் பிள்ளையை இன்னொரு முறை அதே இடத்தில் உட்கார வைத்தேன், நான் நம்பினால் போதாது என்பதற்காக. பதினொரு மணிக்குப் பள்ளி கேட் வரை நடந்துபோனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். அதை நினைத்தால் மற்றவர்கள் மேல் வரும் கோபமெல்லாம் என்மேலேயே திரும்புகிறது.

சாயங்காலம் டப்பா கனமாக வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. இன்னா இந்த நேரத்துல?"

டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். எலுமிச்சம்பழ சாதத்தின் மேல் ஒரு கை மணல்.

"கீழ கொட்டிகினாளா?"

"உங்க பொண்ண கேளுங்க அண்ணி."

அந்தப் பெண் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், நீயா?" என்றார் நாத்தனார்.

"நான் மட்டும் இல்லம்மா. எல்லாரும்தான் போட்டாங்க."

நாத்தனார் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். "சரி உடும்மா. நான் கண்டிக்கறேன். அதுக்குன்னு இவ்ளோ கோவமா வருவாங்களா? எவ்ளோ கதை அனுப்பறேன், படிக்கிறியா இல்லியா நீ?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் நடந்தார்.

"கழுவாதீங்க."

அவர் நின்றார். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஒரு வாய் சாப்ட்டு பாருங்க அண்ணி. அப்புறம் எத்தன கதை வேணா அனுப்புங்க."

"இன்னா பேச்சு பேசற நீ?"

"இவ பொய் சொல்றான்னு உங்க தம்பி சொன்னாரு. பொய் இல்லன்னு இவகிட்ட நீங்க சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் போறதா இல்ல."

அவர் மகள் அழ ஆரம்பித்தாள். நாத்தனார் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொய் இல்ல கண்ணு," என்றார். என் மகள் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். ஆனாலும் அது அவள் காதில் விழுந்தது. எனக்கு அது போதும். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சோறு ஊட்டும்போது அவளிடம் சொன்னேன். "அந்தத் திருவோட்டுக் கதையில ஒண்ணு உட்டுட்டேன். அன்னிக்கு அவரு பட்டினி."

"பாவம். அவங்கம்மா கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

கணவர் என்னோடு அளந்துதான் பேசுகிறார். நாத்தனார் கதை அனுப்புவதை நிறுத்தவில்லை. நான் கைகூப்புவதை நிறுத்திவிட்டேன். மகள் இப்போது தன் வகுப்புப் பிள்ளைகளோடு, மிஸ்ஸின் கண்ணெதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். டப்பா கழுவாமல் வருகிறது. ஓரமெல்லாம் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும். ஊறவைத்துத் தேய்க்க வேண்டியிருக்கிறது. தேய்ப்பதற்கு முன்னால் தினமும் ரப்பர் வளையத்தை எடுத்துப் பார்க்கிறேன்.