புகைபோக்கி இல்லாத வீடு

உத்திரமேரூர் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருக்கும் வஹாப் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் தங்கை ஷாஜியா கணினியில் டிப்ளமா முடித்தவள். இதில் வரும் கணினி விஷயங்களை அவளை மூன்று முறை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

2008 ஜூனில் ஒரு அறக்கட்டளை எங்கள் ஊரில் தகவல் மையம் திறந்தது. ஒரே அறை, தொட்டால் வேலை செய்யும் திரையோடு ஆறு பழைய கணினிகள், எல்லாவற்றையும் இயக்குவது லினக்ஸ் என்ற மென்பொருள். அங்கே ஷாஜியாவுக்கு வேலை. ஏரியில் எத்தனை அடி தண்ணீர், எந்த ஊரில் வயல் வேலை என்று காலையில் விசாரித்துத் தன் குரலில் பதிவு செய்து வைப்பாள். எழுத்துத் தெரியாதவர்கள் திரையில் உள்ள படத்தைத் தட்டினால் போதும், பேசும்.

ஆனால் ஐந்து மாதமாகியும் யாரும் தானாகத் தட்டவில்லை. வருவார்கள், ஷாஜியாவையே கேட்டுவிட்டுப் போவார்கள். அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் முனிரத்தினம் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"பதினைஞ்சாம் தேதி சனிக்கிழமை வருவேன். நீ பக்கத்துல நிக்காம யாராவது ஒருத்தர் தானா பாத்துக் காட்டணும். இல்லன்னா ஆறு மிஷினையும் செங்கல்பட்டுக்கு ஏத்திடுவேன்."

அதாவது மையமும் போய்விடும், அவள் வேலையும் போய்விடும்.

வருகிறவர்களில் கங்கம்மாள் ஒருத்தி. சாலவாக்கம் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். நடவு, களையெடுப்பு என்று போகிறவள். ஷாஜியா அவளையே கேட்டாள்.

"ஏன்க்கா, நெல்லு படத்தத் தொட்டா வேலை எங்கன்னு சொல்லுமே. ஏன் தொட மாட்டேன்ற?"

"இது நெல்லா பாப்பா? முத்துன கதிரு தலையத் தூக்கிக்கினு நிக்குமா?"

ஷாஜியா உற்றுப் பார்த்தாள். கணினியோடு வந்த படம்; அது கோதுமை.

"சரி, வேலையக் கேட்டப்புறம் மொதல் பக்கத்துக்குத் திரும்பி வர்றதுக்கு இந்த வூடு. இதக்கூடவா தெரியல?"

"வூடா? மேல கொயா வச்சிக்கினு கீதே, ரைஸ்மில்லு இல்ல? வாங்குன கடனுக்கு ஆறு வருசம் மில்லுல அடைஞ்சி கெடந்துட்டு வந்தவ நானு. அத எதுக்குத் தொடப் போறேன்?"

அவள் குழாய் என்றது குளிர்நாட்டு வீட்டின் புகைபோக்கியை. ஷாஜியா சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே காகிதமும் பென்சிலும் எடுத்தாள். கங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள்.

"கூரைய இன்னும் எறக்கு. குனிஞ்சிதானே உள்ள பூர்றோம்."

குடிசை, தலை சாய்ந்த நெற்கதிர், ஏரி. மூன்று படங்களையும் கணினியில் வரைந்து முடிக்க ஒரு வாரம் ஆனது. "சனிக்கிழமை வாக்கா, உன் வூடு இதுல இருக்கும்" என்று சொல்லியனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு கணினிகளிலும் படங்களை மாற்றினாள். திரையில் அதே கோதுமை, அதே புகைபோக்கி. அணைத்துப் போட்டாலும் அப்படியே.

திரைப் படங்களை லினக்ஸ் ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அத்தனையையும் துழாவாமல் இருக்க, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் கேஷ். கோப்புறையின் தேதி தொகுப்பின் தேதிக்குப் பிந்தையது என்றால் தொகுப்பை நம்பாமல் கோப்புறையையே பார்க்கும். முந்தையது என்றால் எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு பழைய படத்தையே காட்டும். தொகுப்பைப் புதுப்பிக்கும் கட்டளையையும் ஷாஜியா கொடுத்துப் பார்த்தாள். அது ஒரு வார்த்தை சொல்லாமல் முடிந்தது. ஒன்றும் மாறவில்லை.

மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. மூன்று மணிக்குக் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, பெரிய பட்டன் செல்லு ஆறு குடு. கால்குலேட்டருக்குப் போடுவியே, அது."

"இன்னா ஷாஜி, கம்ப்யூட்டர விட்டுட்டு என் கடைய எடுத்துக்கப் போறியா?"

"பேஜார் பண்ணாதண்ணா. நேத்து வரைஞ்ச நெல்லுக்கு 2002 ஜனவரின்னு தேதி போட்டுக்கினு கீது. அப்ப நான் பத்தாவது படிச்சிக்கினு இருந்தேன்."

விஷயம் இதுதான். மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைக்கக் கணினிக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பழைய கணினிகள், ஆறிலும் அது செத்திருந்தது. ஜூனில் நிறுவியவர்கள் தேதியைச் சரியாக வைத்துத்தான் தொகுப்பை எழுதியிருந்தார்கள். அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் தேதி 2002 ஜனவரிக்கே திரும்பிப் போயிருக்கிறது. எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அதனால் புதுப் படங்கள் தொகுப்பைவிடப் பழையவையாகத் தெரிந்திருக்கின்றன. படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியை வரிசையாகப் படித்துத்தான் அவள் இதைக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

செல்களை மாற்ற நானும் போனேன். திருகாணிகள் என் வேலை. தேதியைச் சரிசெய்து, கோப்புறைக்கு அன்றைய தேதி விழச் செய்து, தொகுப்பைக் கட்டாயமாகப் புதிதாக எழுதச் சொன்னாள். கணினியிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழைந்தபோது கூரை தாழ்ந்த குடிசை வந்து நின்றது. ஆறிலும் அதையே செய்தாள். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டும் பார்த்தோம். தேதி நகரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு முனிரத்தினம் வந்தார். ஷாஜியாவை வாசலில் என்னோடு நிற்க வைத்தார். கங்கம்மாள் நெற்கதிரைத் தட்டினாள். "திங்கக்கெழம திருமுக்கூடல்ல களையெடுக்க எட்டு பேரு வேணும்" என்றது ஷாஜியாவின் குரல்.

"எங்க ஆளுங்களே பத்து பேரு கீறோம்மா" என்று கங்கம்மாள் கணினிக்கே பதில் சொன்னாள்.

"சரிம்மா, இப்ப மொதல் பக்கத்துக்கு எப்படிப் போவ?" என்றார் அவர்.

ஷாஜியா என் கையைப் பிடித்தாள். கங்கம்மாள் திரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராகக் குடிசையைத் தட்டினாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"சொல்லிக் குடுக்கணுமா சார்? எங்க வூடு எனக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். மையம் இங்கேயே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷாஜியா அப்போதுதான் என் கையை விட்டாள்.

கங்கம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா, ஏரி வரைஞ்சியே, மதகு எங்க? இப்டி உட்டா தண்ணி எப்டி வெளிய போவும்?"

திங்கட்கிழமை ஷாஜியா மதகு வரைந்து சேர்த்தாள். இந்தத் தடவை முதலில் தேதியைப் பார்த்தாள். மதகு உடனே திரையில் வந்தது.