முப்பது நோன்பும் பிடித்தவள்

சஃபாக்ஸ் நகரப் பேருந்துப் பணிமனையில் துடைப்பம் பிடித்துக்கொண்டே கனரக ஓட்டுநர் உரிமம் வாங்கியவள் தலெந்தா. வயது நாற்பத்தொன்று, மூன்று பிள்ளைகள். பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், அந்தப் பணிமனையின் முதல் பெண் ஓட்டுநராக நான்காம் எண் வண்டியில் ஏற வேண்டியவள். அந்த ரமலானில் ஒரு தப்புச் செய்தாள். முப்பது நோன்பையும் பிடித்துவிட்டாள்.

மாதவிலக்கில் நோன்பு கூடாது என்பதால், வீட்டுக்கு வீடு பெண்களுக்கு நாலைந்து நோன்பு விடுபடும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள். யார் என்று வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தலெந்தாவுக்கோ ஒரு வருடமாக நாள் தப்பித் தப்பி வந்தது. இப்போது பத்து வாரமாகக் காணோம். நாலு நாள் சும்மாவாவது கதவைச் சாத்தியிருக்கலாம். நோன்பில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

பெருநாள் காலை, நாத்தனார் மொன்ஜியா பலகாரத் தட்டோடு வந்து நின்றாள்.

“ஒரு நாள்கூட நீ கதவைச் சாத்தலையேடி! எத்தனை மாசம்?”

“எனக்கு முன்னப்பின்ன வரும், மதினி.”

“மூணாவது புள்ளைக்கு நானும் இதையேதான் சொன்னேன். அவன் இப்ப பட்டாளத்துல இருக்கான்.”

சொன்ன கையோடு குலவையிட்டாள். மாலைக்குள் தெருவே வாழ்த்தியது. மறுநாள் பணிமனை மேலாளர் போன் செய்தார். “மாஷா அல்லாஹ்! அப்ப வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துரட்டுமா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க, சார்.”

காபி குடித்தால் குமட்டியது. முப்பது நாள் கழித்துக் காலையில் குடித்த காபியாலா, வேறு எதனாலா? தெருமுனை மருந்துக்கடைக்காரன் மொன்ஜியாவின் மருமகன். அங்கே கர்ப்பச் சோதனைப் பட்டை கேட்பதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். ஊருக்கு அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

“கருத்தடுப்பு ஏதாச்சும் வச்சிருக்கியா?” என்றாள் நர்ஸ் ரஃபீக்கா.

“நாளே ஒழுங்கா வரலை, கரு எங்க தங்கப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

“நல்லாருக்கு! பஸ் நேரத்துக்கு வர்றதில்லன்னு நடு ரோட்டுல படுத்துக்குவியா? எப்ப வரும்னு தெரியாத பஸ்ஸுதான் ஆபத்து.”

தலெந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீர் சோதனையில் ஒற்றைக் கோடு. ரஃபீக்கா அதோடு விடாமல் ரத்தமும் எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை தாளை நீட்டினாள்.

“கரு இல்ல. தைராய்டு மந்தம், அதான் நாள் தப்புது. டாக்டர் மாத்திரை எழுதிருக்கார். இனிமே தடுப்பு இல்லாம இருக்காத.”

நடைக்கூடத்தில் தலெந்தா இட்ட குலவைக்கு, வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆம்பளப் புள்ளையா?” என்றாள் ஒருத்தி.

“பஸ்!” என்றாள் தலெந்தா.

அடுத்த வாரம், மீன் சந்தை நிறுத்தத்தில் நான்காம் எண் வண்டியில் மொன்ஜியா ஏறினாள். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு ஜோடி குட்டிக் காலுறைகளை எடுத்தாள்.

“பின்னி முடிச்சுட்டேனே, இத என்னடி பண்றது?”

தலெந்தா அதை வாங்கி, திருஷ்டி கழிய மீன் பொம்மை தொங்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

“கம்பியப் பிடிச்சுக்கங்க மதினி, வண்டி கெளம்புது.”