காயாத சுவர்

களமருதூரில் ராஜாங்கத்தைப் போல் அவசரக்காரர் இன்னொருவர் இல்லை. பஸ் நிற்கும் முன்பே இறங்குவார். சோறு வேகும் முன்பே இலை போட்டு உட்காருவார். குத்தகை நிலத்தில் நெல் போட்டுப் பிழைக்கிற மனுஷன், நாற்று வளரும் வரை எப்படித்தான் பொறுத்திருந்தாரோ! அவருக்குப் போய் மண் வீடு கட்டும் ஆசை வந்தது பாருங்கள்.

ஆசைக்குக் காரணம் அவர் மனைவி பாப்பாத்தி. ஷீட்டு வீட்டு வெக்கையில் கோடைதோறும் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். உட்கார்ந்தபடியே இராத்திரியைக் கழிப்பாள். செம்மண் கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, நாட்டு ஓடு போட்டால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும், சிமெண்டும் கம்மி, அதைச் செய்யும்போது கிளம்பி ஊரைச் சூடாக்குகிற புகையும் கம்மி என்றாள் இன்ஜினியர் தமிழ்மொழி. வெயில் படாத பக்கம் பார்த்து ஜன்னல் வைத்து, படம் வரைந்தும் கொடுத்தாள். பழைய வீட்டை இடித்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துத் தெருவில் ஓர் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டார்கள்.

பூச்சு முடிந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறையில் தமிழ்மொழி ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினாள். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது நம்பர் காட்டும். அவள் போனிலும் தெரியும்.

“செவுரு இன்னும் காயலீங்க. தை பொறக்கட்டும், அப்புறமா குடி வாங்க. அம்மாவுக்கு ஈரம் ஆவாது.”

“கார்த்திகைய வுட்டா மார்கழி. மார்கழில யாரும்மா பால் காய்ச்சுவாங்க? தை வரைக்கும் இவ அந்தப் பொந்துல கெடக்கணுமா?” என்றார் ராஜாங்கம்.

“அந்தப் பொண்ணு சொல்லுது, கேட்டா இன்னா?” என்றாள் பாப்பாத்தி. அவர் அதற்குள் நாள் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

கார்த்திகையில் பால் பொங்கியது. ஈரக்காற்று பாப்பாத்திக்கு ஆகாதென்று ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினார். டப்பாவில் ஈரத்தின் நம்பர் ஏறுவதைப் பார்த்து அவள் பயந்தாள். டப்பாவின் மேல் துண்டைப் போட்டு மூடினார். சுவரின் ஈரம் வெளியே போகட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று போனில் தமிழ்மொழி கெஞ்சினாள். “தொறந்துதான் இருக்குது” என்றார். பாசம்தான், வேறென்ன? கட்டிலுக்குப் பின்னால் சுவரெல்லாம் பூசணம் பூத்தது.

மார்கழியில் இழுப்பு முற்றி, உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே பாப்பாத்தியின் மூச்சு நின்றது. அவர் தோளில்தான் சாய்ந்திருந்தாள். டிரைவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் தலையெழுத்து என்றார்கள். இல்லை, நான்தான் கொன்றேன் என்று அவர் மனசு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சித்திரையில் தமிழ்மொழி வந்தாள். வெளியே அனல் பறந்தது. உள்ளே குளுமை, சுவர் சுக்காகக் காய்ந்திருந்தது. நம்பர்களைக் குறித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“வூடு எப்டி இருக்குதுன்னு இருக்கறவங்களக் கேட்டு எழுதணுங்க. வேணாம்னா வுட்டுடலாம்.”

ராஜாங்கம் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்கோம்மா. மூச்சு வுடறதுக்கு ரொம்ப நல்லா இருக்குது.”