ரங்கூன் பெட்டியும் திண்டுக்கல் பூட்டும்

திண்டுக்கல்லில் தண்ணீருக்கு மூன்று பிறவி. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலம்புவார்கள். பாத்திரம் அலம்பிய தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போகும். நாங்கள் குடிவந்த மறுநாள் காலை, முகம் கழுவிய தண்ணீரை நான் தெருவில் வீசிக் கொட்டியதைப் பார்த்து, வீட்டுக்கார அம்மா ரஹ்மத் பீவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ரங்கூனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எங்கே தெரியும்? அங்கே மழை மாதக்கணக்கில் கொட்டும். குடையும் கையுமாகவே பாதி வருஷம் போய்விடும். என்னைப் போலவே அறுபதுகளில் கப்பலேறி வந்து, தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் குடியேறிய பர்மாக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். திண்டுக்கல்காரர்கள் படித்தால், வீணாய்ப் போன அந்தச் செம்புத் தண்ணீருக்காக இன்னொரு முறை வருத்தப்படுவார்கள்.

ஒரே ஒரு பெரிய தகரப் பெட்டியோடு வந்து இறங்கினோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் என் பெயர், அதன் கீழே கொட்டை எழுத்தில் ரங்கூன். உள்ளே இருந்தது என் மனைவி கமலாவின் அண்டா. ரங்கூனில் வீட்டு வாசலிலேயே அவள் மொயிங்கா கடை போட்டிருந்தாள். மொயிங்கா என்றால், வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த மீன் குழம்பைச் சேவை மேல் ஊற்றித் தருவது. தெருவே அதற்கு வரிசையில் நிற்கும். கடையை விட்டுவிட்டு வா என்று காலம் சொன்னபோது, அந்த அண்டாவை மட்டும் யாருக்கும் தர மாட்டேன் என்று பிடிவாதமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

திண்டுக்கல்லில் தோல் மண்டி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் நான் வாங்கியது அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு. பூட்டுக்குப் பேர்போன ஊரில், கடைக்காரரிடம் இருந்ததிலேயே கனமானதாகப் பார்த்து வாங்கினேன். மறுபடியும் யாராவது வந்து கிளம்பு என்றால், பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சோப்பை நூலால் அறுத்து வைத்துக்கொண்டேன். தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து பற்றவைத்தேன். ரஹ்மத் பீவி ஒருநாள் முருங்கைப் போத்து ஒன்றை ஒடித்துக் கொடுத்து நடச் சொன்னபோது, "அது காய்க்கிற வரைக்கும் இங்க இருப்போமோ என்னமோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருப்பதை இறுக்கிப் பிடித்தால் போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம் என்று இருந்தேன். கமலாவுக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியிருக்கும்.

அவள் ஒரு காரியம் செய்தாள். ரங்கூனில் வீட்டுக்கு முன்னால் ஒரு மேடை போட்டு, வழிப்போக்கர்கள் குடிக்க மூடியும் குவளையுமாகத் தண்ணீர்ப் பானை வைப்பது வழக்கம். அதே போல இங்கேயும் வாசலில் ஒரு பானையை வைத்துவிட்டாள். கிணற்றடியில் காத்துக் கிடந்து சுமந்த தண்ணீர்.

"ஏத்தா, இம்புட்டுத் தண்ணியக் கொண்டாந்து ரோட்டுல வச்சிருக்க, நேத்திக்கடனா?" என்று கேட்டார் ரஹ்மத் பீவி.

"இல்லக்கா. போறவங்க வர்றவங்க குடிக்கட்டும்னு."

"ஒனக்கு அவுக சொந்தமா?"

"இல்லக்கா."

ரஹ்மத் பீவி, கமலாவுக்குப் புத்தி பேதலித்துப்போச்சோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

குஜிலியம்பாறைப் பக்கமிருந்து காய்கறி வண்டி ஓட்டிவரும் பொன்னையா என்ற சம்சாரி, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பானையைப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டுக் கடை இல்லாமல் எவன் ரோட்டில் தண்ணீர் வைப்பான் என்பது அவர் நியாயம். இரண்டு குவளை குடித்துவிட்டு, துண்டை உதறிப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, "வெஞ்சனம் என்ன ஆத்தா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பசியோடு வந்த விருந்தாளி என்று கமலா நினைத்தாள். எனக்கு வைத்திருந்த மொயிங்காவை அப்படியே எடுத்து ஊற்றிவிட்டாள். அவர் ஒட்ட வழித்துத் தின்று முடித்து, வண்டியில் மிச்சமிருந்த கத்தரிக்காயை வாசலில் குவித்துவிட்டுப் போனார். அன்று எனக்குப் பழைய சோறு.

அடுத்த நடைக்கு அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலையிலிருந்து வந்த நான், வாசலில் கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். ரங்கூனில் கடைசியாக எங்கள் வாசலில் கூட்டம் கூடியது, அரசாங்கத்து ஆட்கள் வந்து கடையை மூடிய அன்றைக்கு. கிட்டே போனேன். "என்னங்க விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அப்பு. பர்மாக் கொழம்பு எப்பத் தருவீகன்னு ஒக்காந்திருக்கோம்" என்றார் பொன்னையா.

அப்படித்தான் நாங்கள் தொடங்காமலே கடை தொடங்கியது. சிறுமலையிலிருந்து வாழைத்தண்டு வந்தது, குளத்துக் கெளுத்தி கிடைத்தது, சேவைக்குப் பதில் இடியாப்பம். ஆனால் எங்களிடம் இருந்ததோ வீட்டுக்குச் சமைக்கிற சட்டி. வந்தவர்களில் பாதிப்பேர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பெட்டியைத் திறங்கள் என்றாள் கமலா. இருக்கிறது போதும் என்றேன் நான். "அந்த அண்டா என்ன, திரும்பிப் போறதுக்குக் கப்பல் பாத்துக்கிட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, காலிச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

பிறகொரு நாள் பொன்னையா தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளுக்கு இந்தக் குழம்பைக் காட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசையாம். சட்டி காலி. அவர் முகம் கோணவில்லை. மனைவிக்கு ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு கொடுத்து, "தண்ணியாச்சும் குடி. நல்ல தண்ணி" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதையும் இறுக்கிப் பிடிக்காத ஒருவர் என் வாசலில் நிற்கிறார். நான் ஓர் அண்டாவைச் சிறை வைத்திருக்கிறேன். விடுவிடென்று உள்ளே போய்ச் சாவியைத் தேடினேன்.

சாவி இல்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன், என் கண்ணிலும் படவில்லை. பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தோம். பொன்னையா கல்லால் அடித்துப் பார்த்தார்; கல் உடைந்தது. கடைசியில் பூட்டு செய்கிறவர் ஒருவரை ரஹ்மத் பீவி ஆளனுப்பி அழைத்துவந்தார். "யாரு வாங்குன பூட்டு இது? நல்ல ஐட்டம்" என்று என்னைப் பாராட்டிக்கொண்டே வெகுநேரம் போராடித் திறந்தார். உள்ளேயிருந்து அண்டா வெளியே வந்தபோது கமலா அழுதாள், பிறகு சிரித்தாள். ரஹ்மத் பீவி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "இத நெரப்ப எம்புட்டுத் தண்ணி வேணும்" என்று நெஞ்சில் கை வைத்தார். ஆனால் மறுநாள் விடிவதற்குள் முதல் குடத்தோடு வந்து நின்றவரும் அவர்தான். மீன் கழுவிய தண்ணீரை மட்டும் தன் முருங்கைக்கு வாங்கிக்கொண்டார். முதல் தட்டு, ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட பொன்னையாவின் மனைவிக்குப் போனது.

அடுத்த வருஷம் தோல் மண்டி வேலையை விட்டேன். வாசலில் கீற்றுக்கொட்டகை வந்தது, இரண்டாவது அண்டா வந்தது, கேட்டு வாங்கி நட்ட முருங்கையும் காய்த்தது. பெட்டி மட்டும் அன்றைக்கு இறக்கிவைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் முதலில் உட்கார்ந்தவர் பொன்னையா. அன்றிலிருந்து அதுதான் கடைக்குப் பெஞ்சு. குஜிலியம்பாறை வேட்டிகள் தேய்த்துத் தேய்த்து என் பெயர் அழிந்துவிட்டது. ரங்கூன் இன்னும் லேசாகத் தெரிகிறது.

சாயங்காலம் கடை ஓய்ந்ததும் நான் அதன் மேல் உட்காருவேன். எதிரே சிறுமலை கறுத்துக்கொண்டு வரும். கண் அதில் இருக்கும். கை தன்னால் பெட்டி மூடியில் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டிருக்கும். அப்படி இருக்கும்போதுதான் வண்டியை அவிழ்த்துவிட்டுப் பொன்னையா வருவார்.

"செத்தத் தள்ளி ஒக்காரு அப்பு. நானும் ஒக்காரணும்ல."

தள்ளி உட்காருவேன். ரங்கூனில் இன்னும் இடம் இருக்கிறது.