ஆங்கிலம் படிப்பித்த றேடியோ

ஆசிரியத் தொழிலில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். கல்வி இலாகா அனுப்பிவைக்கும் சாமான்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு என்பது இந்தத் தொழிலில் நின்று மாரடித்த உங்களுக்குத் தெரியாததல்ல. ஐம்பதுகளின் கடைசியில், வன்னியில் கனகராயன்குளம் என்ற ஊருக்கும் உள்ளே தள்ளி, காடு வெட்டிக் குடியேறிய சனங்களின் பிள்ளைகளுக்காகப் போட்ட ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்தேன். பெரிய வாத்தியாரும் நானுமாக இரண்டே பேர். ஆங்கிலம் என் தலையில். அதற்குத் துணையாக ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கியது பற்றறியில் வேலை செய்யும் றேடியோ ஒன்று.

கம்பி கட்டின கதை

றேடியோ பேசவேண்டுமென்றால் உயரத்தில் கம்பி கட்டவேண்டும். பெரிய வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துப் பாலை மரத்தில் தானே ஏறினார். பத்தரை மணிக்குப் பள்ளிக்கூட ஒலிபரப்பு. கொழும்பிலிருந்து ஒரு குரல் "குட் மோர்னிங்" என்றது. பிள்ளைகள் எல்லாரும் எழும்பி நின்று "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். அடுத்த கணம் கரகரவென்று இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு குரங்குகள் கம்பியில் ஊஞ்சல் ஆடுகின்றன. அவற்றைக் கலைத்துவிட்டு வர, "குட் பை" என்று பாடம் முடிந்துவிட்டது. பெரிய வாத்தியார் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "பரவாயில்லை பிள்ளை, வணக்கம் சொல்லவும் விடைபெறவும் பழகீட்டுதுகள். இடையில உள்ளதை நாளைக்குப் பாப்பம்."

காது இல்லாத பெட்டி

குரங்குகளுக்கு அலுத்துப்போனபின் பாடம் ஒழுங்காக நடந்தது. றேடியோக்காரர் ஒரு வசனம் சொல்லுவார். பிள்ளைகள் திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவார். பிறகு "வெரி குட்" என்பார். கதிரையில் இருந்தபடி கொப்பி திருத்தலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். (நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், மறைக்காதீர்கள்.) நாலாம் நாள், சந்தியில் கடை வைத்திருந்தவரின் மகள் றஹீமா எழும்பி நின்றாள். பெட்டியை ஒரு முறை முறைத்தாள், பிறகு என்னை. "ரீச்சர், நான் வேணுமெண்டே பிழையாச் சொன்னனான். அதுக்கும் அவர் வெரி குட் எண்டவர். நீங்கள் எழும்பி வந்து கேளுங்கோ."

பூமணி

அன்றிலிருந்து கதிரையை விட்டு, பிள்ளைகள் இருக்கும் வாங்குகளுக்கு இடையே நடந்து கேட்கத் தொடங்கினேன். அப்படித்தான் பூமணியின் குரல் என் காதில் விழுந்தது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே திக்கும், வகுப்பு சிரிக்கும். அவள் பேசுவதையே விட்டிருந்தாள். பெயர் கூப்பிட்டால் கை மட்டும் உயரும். "கதைக்காத பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு? வருஷம் முடிய நிப்பாட்டப்போறன்" என்று தகப்பன் கந்தையா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தப் பூமணி, றேடியோ விட்ட இடைவெளியில், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு திக்கலும் இல்லாமல் முழு வசனத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடம் முடிந்ததும் வெளியே கூட்டிப்போய், எப்படியம்மா என்று கேட்டேன். "எ...எல்லாரோடயும் சேந்து சொன்னா வ...வருது ரீச்சர். றே...றேடியோவில கதைக்கிற மனுசன் சிரிக்கிறேல்லை."

அலுமாரிக்குப் பின்னால்

மாரி தொடங்கப் பற்றறி இறங்கிவிட்டது. புதியது எப்போது வருமோ தெரியாது. பூமணி மறுபடி வாயை மூடிவிடுவாள் என்ற பயத்தில் நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, றேடியோக்காரரைப் போலக் குரலை மாற்றி வசனம் சொன்னேன், இடைவெளி விட்டேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு திருப்பிச் சொன்னார்கள். கிழமைக்குக் கிழமை, சேர்ந்து சொல்பவர்களைக் குறைத்துக்கொண்டே வந்தேன். முதலில் முழு வகுப்பு, பிறகு ஒரு வாங்கு, கடைசியில் றஹீமாவும் பூமணியும் மட்டும்.

அந்த நேரம் பார்த்தா பள்ளிக்கூடம் பார்வையிட வித்தியாதரிசி வரவேண்டும்! ஆசிரியை இல்லாமல் ஒரு வகுப்பு தன்பாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சேலையில் ஒட்டிய சிலந்தி வலையோடு வெளியே வந்து, நடந்ததைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அலுமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "புதுப் பற்றறிக்கு நான் எழுதிறன் மிஸ். அதுவரைக்கும் இந்தப் பற்றறி இறங்கிப்போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

கந்தையா வந்த நாள்

வருஷக் கடைசியில் மகளை நிறுத்துவதற்குக் கந்தையா வந்தார். நான் வாதாடவில்லை. கதிரை போட்டு இருத்தினேன். பூமணியும் றஹீமாவும் எழும்பி ஆங்கிலப் பாடத்தை ஒன்றாக வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் வரியில் றஹீமா, நாங்கள் மூன்று பேரும் முன்பே பேசிக்கொண்டபடி, நிறுத்திவிட்டாள். பூமணி தனியே போனாள். மூன்று இடத்தில் திக்கினாள். ஒருவரும் சிரிக்கவில்லை, காத்திருந்தார்கள். கடைசிச் சொல்வரை போய்த்தான் வாங்கில் இருந்தாள்.

கந்தையாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "ஒண்டும் விளங்கேல்லை ரீச்சர், ஆனா முழுக்கக் கேட்டனான். ஆறாம் வகுப்புக்கு என்னென்ன புத்தகம் வேணுமெண்டு எழுதித் தாங்கோ."

இத்தனை வருஷச் சேவையில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது படிப்பிப்பதல்ல, ஒரு பிள்ளை சொல்லி முடிக்கும்வரை என் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.