சிரில் ஹாட்லி தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமை

கார் எஞ்சின் வேலை அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சிரில் ஹாட்லி அதைக் கிளப்பிப் பார்க்காமல் மே மாதம் வரை வைத்திருந்தார்.

கவென்ட்ரி நகரின் எர்ல்ஸ்டன் பகுதியில், அவருடைய தெருவில், இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்த ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்ப மாட்டுவது அவர்களுக்கு அதிசயமில்லை. மாட்டிய பிறகு அதைப் போர்வை போர்த்தி வைத்திருப்பதுதான் அதிசயம்.

சிரிலிடம் காரணங்கள் இருந்தன. நவம்பரில் குளிர் அதிகம், எண்ணெய் இறுகியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பிப்ரவரியில் தண்ணீர்க் குழாய் ஒன்றின் ரப்பர் வெடிப்பு விட்டதுபோல் தெரிந்தது, மாற்றினார். மார்ச்சில், வாங்கி வைத்த பெட்ரோல் பழசாகிவிட்டது என்றார். ஒவ்வொரு காரணமும் சரியானதாகவே இருந்தது. மனைவி மேவிஸுக்குச் சந்தேகம் எழுந்ததே அதனால்தான்.

ஏனென்றால் சிரில் எதையும் தள்ளிப்போடுகிறவர் அல்லர். நகரப் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவர். ஓட்டுநரோ மெக்கானிக்கோ ஒரு திருகாணி கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் அது மேசை மேல் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். இலை உதிரத் தொடங்கும் முன்பே கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஏழு மாதமாக ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தார்.

அந்த வண்டி அவருக்கு மட்டும் உரியதன்று. அவரும் தம்பி டெனிஸும் ஐம்பத்தேழாம் ஆண்டில் சேர்ந்து வாங்கியது. பச்சை நிற ட்ரையம்ப் கார், இரண்டே இருக்கை, கூரை துணி. யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன் பாலத்தின் மேல் மோதி நொறுக்கியதை, அம்மாவின் கொல்லைப்புறத்தில், நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி வைத்து நிமிர்த்தினார்கள். அதற்குப் பிறகு ஆறேழு வருடங்கள் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்குள்தான் கழிந்தன. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு தவறான வழி சொல்வார். வேல்ஸ் மலைகளில் மழை பிடித்துக்கொண்டால் கூரைத் துணியால் ஒரு பயனும் இல்லை. சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு பல் கிட்டித்தபடி சிரித்துக்கொண்டே வருவார்கள். மருந்துக்கடை முனையில் வண்டி திரும்பும்போதே அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டுவிடும். இவர்கள் வாசலுக்கு வந்து சேரும்போது அடுப்பில் உருளைக்கிழங்கு கொதிக்க ஆரம்பித்திருக்கும்.

அறுபத்து நான்கில் டெனிஸ் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினான். அவன் மனைவி ஆட்ரி பெட்டிகளோடு ரயிலில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குப் போனாள்; டெனிஸ் மட்டும் அண்ணனோடு வண்டியில் வந்தான். வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தவனுக்குக் கப்பலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் வண்டியின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி, "இதுல வந்து என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தாத்தான் திரும்பி வருவேன். பஸ்ல எல்லாம் வர மாட்டேன்டா," என்றான். அழுகையை மறைக்கச் சொன்ன பேச்சு அது என்பது இருவருக்கும் தெரியும்.

நான்கு வருடம் கழித்து வண்டியின் பேரிங் உருகிப்போனது. அதற்குள் சிரிலுக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தையும் வந்திருந்தது. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டெனிஸ் தொலைபேசியில் கேட்பான்: "வண்டி ரெடியா?" "இல்லடா." "அப்புறம் எப்படி நான் வர்றது?" இருவரும் சிரிப்பார்கள். அம்மா இறந்த வருடம் அவன் அதைக் கேட்கவில்லை. வரவும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி கேட்கத் தொடங்கினான்.

ஓய்வு பெற்றதும் சிரில் தார்ப்பாயை விலக்கினார். இரண்டு வருடம் ஆனந்தமாக வேலை நடந்தது. போன அக்டோபரில் கடைசி நட்டை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், தாம் செய்து வைத்திருப்பது என்ன என்று அவருக்கு உறைத்தது. இது ஓடினால், தம்பி கேட்கும்போது "ரெடி" என்று சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகும் அவன் வராவிட்டால்? ஓடாத வண்டி கௌரவமான காரணம்; முப்பது வருடமாக அண்ணனும் தம்பியும் அதை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரணத்தை அவர் தம் கையாலேயே பழுது பார்த்து அழித்துவிட்டிருந்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மேவிஸுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் சிரில் கராஜுக்குள் போனார். அங்கே பக்கத்து வீட்டுக் குர்தேவ் சிங் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரர், பருத்த உடம்பு; சிரிலை 'பாஜி', அதாவது அண்ணன், என்றே அழைப்பார். வண்டிக்கு இன்னும் இருக்கை போடாததால் பால் புட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார்.

"என்ன குர்தேவ் இது?"

"உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்க பாஜி. ஒருத்தர் பட்டனை அழுத்தணும், ஒருத்தர் எஞ்சின்கிட்ட நிக்கணுமாமே. சீக்கிரம் ஆரம்பிங்க, இந்தப் பெட்டி என் எடைக்குச் செஞ்சதில்ல."

"இன்னிக்கு வேணாம். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கு."

"ஈரமாவது காய்ஞ்சதாவது!" என்றபடி மேவிஸ் உள்ளே வந்தார். கூடத்துத் தொலைபேசியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் கம்பி சமையலறை ஜன்னல் வழியாக முற்றத்தைக் கடந்து நீண்டு வந்தது. "நேத்து சந்தையில நீட்டுக் கம்பி வாங்கிட்டேன். டெனிஸ் லைன்ல இருக்கான். அங்க சாயங்காலமாம், சும்மாதான் உக்காந்திருக்கானாம். எஞ்சின் சத்தத்தைக் கேக்கட்டும்."

சிரிலின் முகம் சுண்டிப்போயிற்று. "உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே செஞ்சேன்." ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அவன் வருவானா மாட்டானாங்கிறது இந்த எஞ்சினுக்குள்ள இல்லய்யா. அதை மூடி வச்சிருந்தா மட்டும் என்ன ஆயிடப்போகுது?"

சிரில் எஞ்சின் பக்கம் திரும்பினார். முறைப்படியான வேலைகள் கைகொடுத்தன. நான்கு பிளக்குகளையும் கழற்றி, செல்ஃப் பொத்தானை அழுத்தச் சொன்னார். எஞ்சின் சுமையில்லாமல் சுழன்றது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சற்று நேரம் தூங்கிக் கிடந்து, பிறகு மெல்ல எழுந்தது. பிளக்குகளைத் திரும்ப மாட்டினார். சோக்கை இழுத்தார். இதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அழுத்துங்க."

எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு 'டப்' என்று கார்புரேட்டரின் வாய் வழியாக ஒரு முழம் நெருப்பைக் கக்கியது.

"ஐயோ கடவுளே!" என்று மேவிஸ் அலறினார். ரிசீவருக்குள்ளிருந்து உரத்த சிரிப்பொலி கேட்டது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே சொன்னார்: "தும்முதான்னு கேக்கறான். பிளக்குக்கு மின்சாரம் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரை நீ அரைச் சுத்து தப்பா மாட்டியிருக்கியாம். அம்பத்தேழுலயும் இதேதான் பண்ணினியாம். அன்னிக்கு அவன் புருவம் கருகிப் போச்சாம்."

"ரெண்டு தடவை சரிபார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லு."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னியாம்."

குர்தேவ் சிங் வாயைப் பொத்திக்கொண்டார். பால் பெட்டி கிரீச்சிட்டது. சிரில் குனிந்து பார்த்தார். தம்பி சொன்னது சரி. அறுபத்தோரு வயதில், அதே எஞ்சினில், அதே தவறு. ஒன்றாம் பிளக்கின் கம்பியை நான்காவதற்கும், இரண்டாவதை மூன்றாவதற்குமாக இடம் மாற்றினார். மாற்றும்போது அவர் உதட்டில் சிரிப்பு ஊறிவிட்டதை மேவிஸ் கவனித்தார், சொல்லிக் காட்டவில்லை.

"இப்ப அழுத்துங்க."

ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. நான்கு சிலிண்டர்களும் ஒருசேரப் பற்றிக்கொண்டன. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. அலமாரியிலிருந்த பெயின்ட் டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

"ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை எடுக்காதீங்க! இப்படியே இருபது நிமிஷம்! வேகம் குறைஞ்சா உள்ள இருக்கற புது கேம்ஷாஃப்ட் தேஞ்சு போயிடும்!" என்று சிரில் கத்தினார்.

"இருபது நிமிஷமா? முன்னாடியே சொல்லியிருந்தா மெத்தை கொண்டு வந்திருப்பேனே பாஜி!"

அதன்பிறகு யாராலும் பேச முடியவில்லை. புதுப் பூச்சு சூட்டில் கருகி நீலப்புகை எழுந்தது. சிரில் குழாய்களைத் தொட்டுப் பார்ப்பதும், முள்ளைப் பார்ப்பதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். மேவிஸ் ரிசீவரை எஞ்சினை நோக்கி நீட்டிப் பிடித்திருந்தார். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சூடேறிய எண்ணெயின் வாசனை பரவிய கணத்தில், சட்டைக்குள் நனைந்த செய்தித்தாள் மார்பில் ஒட்டிக் கிடப்பதுபோல் சிரிலுக்குத் தோன்றியது. பக்கத்தில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தம்பி. இதோ மருந்துக்கடை முனை. இன்னும் இரண்டு நிமிடத்தில் வீடு. ரேடியேட்டர் மூடியில் ஏதோ பார்ப்பதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நேரம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தினார்கள். சிரில் ரிசீவரை வாங்கினார்.

"டெனிஸ்? இருக்கியா?"

"இருக்கேன்." அவ்வளவுதான். தூரத்துக் கம்பிகளின் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு, "ரெடியாயிடுச்சு, இல்ல?"

"ரெடிதான்டா."

"ம்... இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே," என்றான் டெனிஸ். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

சிரில் ரிசீவரை வைத்துவிட்டுத் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார்.

"லைன் கட்டாயிருக்கும்," என்றார் மேவிஸ்.

"இல்ல. அவனே வச்சிட்டான்." துணியை நான்காக மடித்தார். "இதுக்குத்தான் நான் வேணாம்னேன்."

மேவிஸ் தொலைபேசியைப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

குர்தேவ் சிங் மரத்துப்போன காலை உதறியபடி வண்டியிலிருந்து இறங்கினார். "பாஜி, நானும் ஜலந்தர்ல இருக்கற என் அக்காவுக்கு வருஷா வருஷம் 'அடுத்த வருஷம் வர்றேன்'னு சொல்றவன்தான். பேசப் பேசத் தொண்டை அடைச்சுக்கும். பட்டுனு வச்சிடுவேன். அக்கா அங்க என்ன நினைக்குதோ தெரியாது. கோபத்துல வைக்கிறவன் வேற மாதிரி வைப்பான்."

"உங்க அக்காவைப் போய்ப் பாத்தீங்களா?"

"எங்க பாஜி? என்கிட்ட கார் இல்லையே," என்றார் குர்தேவ். சிரில் தம்மை அறியாமல் சிரித்துவிட்டார்.

மேவிஸ் சமையலறைக்குப் போய் ஆட்டுக்கறியை அடுப்புக்குள் தள்ளினார். உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தபோது கராஜில் தொலைபேசி அடித்தது. கத்தியும் கையுமாக ஓடி வந்தார். ரிசீவரைச் சிரில் காதில் வைத்திருந்தார். அதிலிருந்து ஆட்ரியின் குரல் கராஜ் முழுவதும் கேட்டது.

"என்ன பண்ணினீங்க இந்த மனுஷனை? ஃபோனை வச்சிட்டுக் கொல்லையில போய் உக்காந்து கோன்னு அழுதாரு. இப்ப என்னடான்னா வீட்டைத் தலைகீழாப் புரட்டி சூட்கேஸைத் தேடறாரு. அதை எங்க பொண்ணுக்குக் குடுத்து எத்தனையோ வருஷமாச்சு, சொன்னாக் கேக்கல. அம்மா சமாதி முன்னாடி எப்படிப் போய் நிக்கறதுன்னுதான் இத்தனை நாளா மனசுல வச்சுப் புழுங்கியிருக்காரு. என்கிட்டயே இன்னிக்குத்தான் சொல்றாரு. செப்டம்பர்ல வந்தாக் குளிருமா அங்க?"

சிரில் வாயைத் திறந்தார். சொல்ல நினைத்தவை பலவும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டதில், வெளியே வந்தது ஒன்றுதான்.

"ஆட்ரி... செப்டம்பர்தானே? சரி. ஆனா வண்டிக்கு இன்னும் பிரேக் மாட்டலன்னு அவன்கிட்ட சொல்லிடு."

ஆட்ரி திரும்பி அதைக் கூவிச் சொல்வது கேட்டது. ஏதோ அறையின் மூலையிலிருந்து, மூக்கடைத்த குரலில் டெனிஸ் கத்தினான்:

"அம்பத்தேழுல மட்டும் இருந்துச்சாக்கும்!"

குர்தேவ் சிங் தொடையில் தட்டிச் சிரித்தார். மேவிஸ் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலைத் தேநீருக்கு அவர் குரல் கொடுத்தபோது சிரில் பின்சக்கரத்தை ஒட்டி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.